சுவருக்குத் திரும்பி வந்த கல்: இரசாயனச் சமன்பாடும் நிறைக் கணக்கும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சுண்ணாம்பு வேலை தொடங்கிவிடும். மாத்தளைப் பக்கத்துச் சூளையில் சுட்ட கல் என்று சொல்லிக் கடைக்காரர் சாக்கில் கட்டிக் கொடுப்பார். பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயை அப்பா வாசலில் வைத்து, கல்லைக் கொட்டி, பீலியில் பிடித்த தண்ணீரை ஊற்றுவார். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கல் சீறும், பருக்கும், பிளந்து உதிரும். அடியில் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். எங்களை முன்திண்ணையான இஸ்தோப்பின் மறுகோடிக்கு விரட்டிவிடுவார், கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போய்விடும் என்று.

ஆறிய பிறகு பீப்பாயில் இருந்தது வெண்ணெய் போன்ற வெள்ளை விழுது. கல் எங்கே போனது, ஊற்றிய தண்ணீர் எங்கே போனது, எவ்வளவு கல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அப்போது நான் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில்தான் கிடைத்தது. அந்தப் பாடத்தைத்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பயந்து தாண்டிவிடுகிறார்கள். சமன்பாட்டைச் சமப்படுத்தும் கேள்வியையும் மூல் கணக்கையும் வினாத்தாளில் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு கடினமான பகுதி அல்ல அது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் எளிது.

என் அம்மா ஒரு நாளும் கணக்கை எழுதி வைத்ததில்லை. காலையில் எத்தனை கிலோ, பகலில் எத்தனை, மாலையில் எத்தனை, கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று எல்லாம் மனதில் இருக்கும். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் உள்ள தொகை தன் மனக்கணக்கோடு பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்று கேட்பார். "பறித்தது இவ்வளவு, ஏட்டில் இருப்பது இவ்வளவு, மிச்சம் எங்கே?" இரசாயனச் சமன்பாடும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. இடப்பக்கம் போனவை எல்லாம் வலப்பக்கம் வந்தாக வேண்டும். பிரான்சின் இரசாயனவியலாளர் லவோசியே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடிய கலங்களுக்குள் பொருட்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து உறுதிப்படுத்திய செய்தி இது: பொருட்கள் வேறு பொருட்களாக மாறும் இரசாயனத் தாக்கத்தில் நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அணுக்கள் கைமாறுகின்றன. அவை பிறப்பதோ அழிவதோ இல்லை.

சமையலறையிலிருந்தே தொடங்குவோம். காஸ் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. முதலில் புரோப்பேனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறில் 3 காபன் அணுக்களும் 8 ஐதரசன் அணுக்களும் உண்டு. காற்றில் உள்ள ஒட்சிசன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே இருக்கும். எரிந்து முடிந்ததும் கிடைப்பவை காபனீரொட்சைட்டும் நீரும். முன்னதில் 1 காபனும் 2 ஒட்சிசனும், பின்னதில் 2 ஐதரசனும் 1 ஒட்சிசனும். குறியீடுகளைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே பெயர்களாலேயே எழுதுகிறேன், என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

புரோப்பேன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர்

இப்படியே விட்டால் கணக்கு உதைக்கிறது. இடப்பக்கம் காபன் 3, வலப்பக்கம் 1. ஆகவே காபனீரொட்சைட்டின் முன்னால் 3 போடுங்கள். ஐதரசன் இடப்பக்கம் 8, வலப்பக்கத்தில் ஒரு நீருக்கு 2. நீரின் முன்னால் 4 போட்டால் சரியாகிவிடும். கடைசியாக ஒட்சிசன். வலப்பக்கம் மூன்று காபனீரொட்சைட்டில் 6, நான்கு நீரில் 4, மொத்தம் 10 அணுக்கள். இடப்பக்கம் சோடி சோடியாக வருவதால் 5 மூலக்கூறுகள் போதும்.

புரோப்பேன் + 5 ஒட்சிசன் → 3 காபனீரொட்சைட்டு + 4 நீர்

ஒட்சிசனை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்று பாருங்கள். வலப்பக்கத்தில் அது இரண்டு பொருள்களிலும் இருக்கிறது. அதை முதலில் சரிசெய்தால், மற்றவற்றைத் தொடும்போதெல்லாம் அது மறுபடியும் கலையும். இடப்பக்கத்தில் அது தனியாக நிற்பதால், மற்றவர்கள் எல்லாரும் அமர்ந்த பின் அதன் முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் வேறு எதுவும் குலையாது. ஒரு தனிமம் எத்தனை பொருள்களில் பரவியிருக்கிறது என்று முதலில் பார்த்து, குறைவாகப் பரவியதிலிருந்து தொடங்குங்கள். தனியாக நிற்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகள் இந்த ஒரு பழக்கத்திலேயே விழுந்துவிடும்.

பியூட்டேனில் 4 காபன், 10 ஐதரசன். அதே வழியில் போனால் 4 காபனீரொட்சைட்டு, 5 நீர், வலப்பக்கம் 13 ஒட்சிசன் அணுக்கள். சோடியாகப் பிரித்தால் ஆறரை. பிள்ளைகள் இந்த இடத்தில் தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டியதில்லை. முழுவதையும் இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன், 13 ஒட்சிசன், 8 காபனீரொட்சைட்டு, 10 நீர்.

கூரைத் தகரம் துருப்பிடிப்பதும் இப்படித்தான். ஈரத்தை ஒதுக்கிவிட்டு எளிமையாக எழுதினால், இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து 2 இரும்பும் 3 ஒட்சிசனும் உள்ள ஒட்சைட்டு வருகிறது. ஒரு பக்கம் ஒட்சிசன் இரண்டிரண்டாக, மறுபக்கம் மும்மூன்றாக. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக வருவது 6. ஆகவே 3 ஒட்சிசன், 2 ஒட்சைட்டு, அதற்கு 4 இரும்பு.

விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்சிசன் ஒன்று குறைகிறது என்று நீரின் குறியீட்டுக்குள்ளேயே கைவைத்து, ஒட்சிசனை இரண்டாக்கிவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும், பொருள் மாறிவிடும். 2 ஐதரசனும் 2 ஒட்சிசனும் சேர்ந்தது ஐதரசன் பேரொட்சைட்டு, புண்ணைக் கழுவும் மருந்தில் இருப்பது. அதைக் குடிக்க முடியாது. பொருளின் முன்னால் போடும் எண்தான் குணகம், அதை மாற்ற மட்டுமே நமக்கு உரிமை உண்டு. கூடைகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், ஒவ்வொரு கூடைக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது இயற்கை தீர்மானித்தது.

சமன்பாடு சமப்பட்டது. இனி எவ்வளவு என்ற கேள்வி. முன்னர் எழுதிய புரோப்பேன் சமன்பாட்டைக் காட்டி, "1 கிலோகிராம் புரோப்பேனுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும்?" என்று கேட்டால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 5 கிலோகிராம் என்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த விடைக்காகத்தான். குணகம் எண்ணிக்கையைச் சொல்கிறது, நிறையைச் சொல்லவில்லை. ஒரு மூலக்கூறுக்கு ஐந்து மூலக்கூறுகள் என்பது உண்மை. ஒரு கிலோவுக்கு ஐந்து கிலோ என்பது அதிலிருந்து வராது.

ஹார்ட்வெயார் கடையில் கூரைத் தகரம் அடிக்கும் ஆணியும், அதற்குப் போடும் வாஷரும் வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணிக்கு ஒரு வாஷர். ஓர் ஆணி 8 கிராம், ஒரு வாஷர் 2 கிராம் என்று வைப்போம். கடைக்காரர் எண்ணித் தரமாட்டார், தராசில் போட்டுத்தான் தருவார். ஒன்றுக்கு ஒன்றுதானே என்று இரண்டிலும் ஒரு கிலோ வாங்கி வந்தால், வீட்டில் 125 ஆணிகளும் 500 வாஷர்களும் இருக்கும். எண்ணிக்கை பொருந்த வேண்டுமானால், 1 கிலோ வாஷருக்கு 4 கிலோ ஆணி வாங்கியிருக்க வேண்டும். தராசு காட்டும் நிறையை எண்ணிக்கையாக்க, ஒன்றின் நிறை தெரிந்திருக்க வேண்டும். இரசாயனத்திலும் அதேதான்.

அணு ஒவ்வொன்றையும் தராசில் வைக்க முடியாது. அதற்காகத்தான் மூல் என்ற அளவு வந்தது. டசின் என்றால் 12 என்பதுபோல, ஒரு மூல் என்றால் 6.022 × 10²³ துணிக்கைகள். இதை அவகாதரோ மாறிலி என்கிறோம். எண்ணின் பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த எண்ணிக்கையில் அணுக்களை எடுத்தால், அவற்றின் நிறை கிராமில் சார் அணுத்திணிவுக்கு, அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு ஒப்பிட எவ்வளவு பாரம் என்று காட்டும் எண்ணுக்கு, சமமாக வந்துவிடுகிறது. அந்த எண்ணின் பயனே அதுதான். ஐதரசன் 1, காபன் 12, ஒட்சிசன் 16, மகனீசியம் 24, கல்சியம் 40. ஆகவே ஒரு மூல் காபன் 12 கிராம். ஒரு மூல் நீர் 1 + 1 + 16, அதாவது 18 கிராம். ஏறத்தாழ ஒரு பெரிய மேசைக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான்.

புரோப்பேன் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு மூல் புரோப்பேன் 3 × 12 உடன் 8 சேர்த்து 44 கிராம். ஒட்சிசன் சோடியாக இருப்பதால் அதன் ஒரு மூல் 16 + 16, அதாவது 32 கிராம். ஐந்து மூல் ஒட்சிசன் 5 × 32, அதாவது 160 கிராம். 44 கிராமுக்கு 160 கிராம் என்றால், 1 கிலோகிராமுக்கு 3.6 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். ஐந்து அல்ல.

வீட்டுக்கு வாங்கும் சிலிண்டரில் 12.5 கிலோகிராம் வாயு. முழுவதும் பியூட்டேன் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு மூல் 58 கிராம் என்பதால் சுமார் 215 மூல். அது முழுமையாக எரிய ஏறத்தாழ 45 கிலோகிராம் ஒட்சிசனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 38 கிலோகிராம் காபனீரொட்சைட்டையும், 19 கிலோகிராமுக்கும் அதிகமான நீராவியையும் வெளியே விடுகிறது. தோளில் சுமந்து மேட்டு லயத்துக்குக் கொண்டுபோன சிலிண்டர் காலியாகித் திரும்பும்போது, அதன் உள்ளே இருந்ததைப்போல நாலரை மடங்குக்கும் மேலான நிறை புகைபோக்கி வழியே போயிருக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்ட அன்று நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

இப்போது அப்பாவின் பீப்பாய். கல்லின் கதை சூளையில் தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று: 1 கல்சியம், 1 காபன், 3 ஒட்சிசன். கூட்டினால் 40 + 12 + 48, மிக வசதியாக 100. சூளையின் வெப்பத்தில் அது உடைகிறது.

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

எண்ணிப் பாருங்கள், குணகமே தேவையில்லை. 100 கிராம் கல் 56 கிராம் சுட்ட கல்லாகவும் 44 கிராம் வாயுவாகவும் பிரிகிறது. 25 கிலோகிராம் கல்லைச் சூளையில் இட்டால் அது 250 மூல். வெளியே வருவது 14 கிலோகிராம் சுட்ட கல் மட்டுமே. மீதி 11 கிலோகிராம் காற்றோடு போய்விட்டது. சுட்ட கல் கைக்கு அவ்வளவு இலேசாக இருப்பதன் காரணம் இது.

அடுத்தது வாசலில் நடந்தது.

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு

56 உடன் 18 சேர்ந்து 74. நம் 14 கிலோகிராம் கல் 4.5 கிலோகிராம் தண்ணீரைத் தனக்குள் இழுத்து, 18.5 கிலோகிராம் நீறிய சுண்ணாம்பாகிறது. கல் தண்ணீரைக் குடித்துவிட்டதா என்ற சிறுவயதுக் கேள்விக்கு விடை இதுதான்: ஆம், குடித்துவிட்டது, தன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. ஆனால் அப்பா ஊற்றியது அதைவிடப் பல மடங்கு. பிறக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடும், பூசுவதற்கு விழுதை இளக்கவும் தண்ணீர் வேண்டும். கணக்கு சொல்வது தாக்கம் கேட்கும் அளவை. கைவேலைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது வேலை செய்பவருக்குத் தெரியும்.

சுவரில் பூசிய பிறகு மூன்றாவது தாக்கம் சத்தமில்லாமல் நடக்கிறது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரை விடுகிறது.

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

74 + 44 = 100 + 18. முழுவதும் நடந்து முடிந்தால் 18.5 கிலோகிராம் சுண்ணாம்பு 11 கிலோகிராம் வாயுவை ஏற்று, 4.5 கிலோகிராம் நீரை இழந்து, 25 கிலோகிராம் கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. சூளையில் போனது 11, சுவரில் வந்தது 11. பீப்பாயில் குடித்தது 4.5, சுவரிலிருந்து உலர்ந்தது 4.5. மலையிலிருந்து வெட்டிய அதே கல் எங்கள் காம்பராச் சுவரில் மெல்லிய படலமாகத் திரும்பி வந்து நிற்கிறது. பூசிய அன்று விரலில் ஒட்டும் சுண்ணாம்பு நாளாக நாளாக இறுகுவது உலர்வதால் மட்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது மறுபடியும் கல்லாகிக்கொண்டிருந்தது.

இதுவரை எல்லாம் போதிய அளவில் இருந்தன. ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த படி. 500 வாஷரும் 125 ஆணியும் இருந்தால் 125 இடத்தில்தான் அடிக்கலாம், மீதி வாஷர் சும்மா கிடக்கும். முதலில் தீர்ந்துபோவது எதுவோ அது எல்லைப்படுத்தும் தாக்கி. விளைவு எவ்வளவு என்பதை அது மட்டுமே முடிவு செய்கிறது. கேள்வியில் இரண்டு பொருள்களின் நிறையும் கொடுத்திருந்தால், இரண்டையும் மூலாக மாற்றி, ஒவ்வொன்றையும் அதன் குணகத்தால் வகுத்துப் பாருங்கள். சிறிய எண் வருவதே முதலில் தீரும்.

குளிர் நாடான மலையகத்தில் இந்தப் பாடம் வினாத்தாளோடு நிற்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் கதவு ஜன்னலை இறுக்கி அடைத்து, கரிச்சட்டியை உள்ளே வைத்துக் குளிர்காய்பவர்கள் உண்டு. கரியை முழுவதும் காபன் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். 1.2 கிலோகிராம் கரி 100 மூல். காபனீரொட்சைட்டாக முழுமையாக எரிய அதற்கு 100 மூல் ஒட்சிசன் வேண்டும், அதாவது 3.2 கிலோகிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே சுமார் 27 கனமீற்றர் காற்று. அந்த உயரத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம், அதன் நிறையில் 23 சதவீதம் ஒட்சிசன். அறையில் மொத்தம் 6 கிலோகிராம் அளவுதான். ஒரு சட்டிக் கரி அதில் பாதியைக் கேட்கிறது.

அவ்வளவு தூரம் குறையும் வரை ஆபத்து காத்திருக்காது. கரித் துண்டுகளுக்கு நடுவே ஒட்சிசன் போதாத இடங்களில் வேறொரு தாக்கம் நடக்கிறது.

2 காபன் + ஒட்சிசன் → 2 காபனோரொட்சைட்டு

முன்பு ஒரு காபனுக்கு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் கிடைத்தன, இப்போது ஒன்றுதான். வலப்பக்கப் பொருளே மாறிவிட்டது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடுவதில்லை, தூங்குகிறவர் விழிக்காமலேயே போய்விடக்கூடும். கரிச்சட்டியைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்தப் பாடத்தில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

இறுதியாகத் தூய்மை பற்றி. பாடப்புத்தகம் எல்லாப் பொருளையும் தூயதாகவே எடுத்துக்கொள்ளும், கடையில் கிடைப்பது அப்படி இருக்காது. மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. அமோனிய உரங்களைத் தொடர்ந்து போடும்போது மண் அதையும் தாண்டிப் புளித்துப்போகிறது. அதைச் சரிசெய்யத்தான் கவ்வாத்து முடிந்த மலைகளில் டொலமைட் என்ற கல்லின் தூளைத் தூவுகிறார்கள். டொலமைட்டில் 1 கல்சியம், 1 மகனீசியம், 2 காபனேற்றுத் தொகுதிகள் (ஒவ்வொன்றிலும் 1 காபன், 3 ஒட்சிசன்). கூட்டினால் 40 + 24 + 60 + 60, ஆக 184. ஆய்வுகூடத்தில் இதை ஐதரோகுளோரிக்கமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரையும்.

டொலமைட் + 4 ஐதரோகுளோரிக்கமிலம் → கல்சியம் குளோரைட்டு + மகனீசியம் குளோரைட்டு + 2 காபனீரொட்சைட்டு + 2 நீர்

ஒரு மூல் சுண்ணாம்புக்கல் 2 மூல் அமிலத்தைத்தான் சமாளிக்கும், டொலமைட் நான்கைச் சமாளிக்கிறது. ஆகவே 184 கிராம் டொலமைட் செய்யும் வேலைக்கு 200 கிராம் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

50 கிலோகிராம் மூட்டை ஒன்றில் 92 சதவீதம் தூய டொலமைட் இருக்கிறது, மீதி வேலைக்கு உதவாத மண்ணும் கல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்ய வேண்டியது அந்த 4 கிலோகிராமைக் கழிப்பது, கொழுந்துக் கூடையின் நிறையைக் கழிப்பதுபோல. மீதி 46 கிலோகிராம், 184ஆல் வகுத்தால் 250 மூல். அமிலத்தைத் தணிக்கும் வேலையில் அது 500 மூல் சுண்ணாம்புக்கல்லுக்கு, அதாவது 50 கிலோகிராம் தூய கல்லுக்குச் சமம். கூடவே 250 மூல் மகனீசியம், 6 கிலோகிராம், செடிக்குச் சேர்கிறது. இலையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மகனீசியம் அணு இருக்கிறது. நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்த முதிர்ந்த இலையைத் தோட்டத்தில் பார்த்தால், அந்த மலைக்கு அந்த அணு போதவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்த மூட்டை 80 சதவீதத் தூய்மை என்றால் எத்தனை மூல் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 217க்கும் 218க்கும் இடையில் வந்தால் கணக்கு சரி.